ஐந்தாம் நாள்: குரோமியமும் நுரையீரல் செல்லும்

(ராணிப்பேட்டையில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குரோமியம் என்றால் என்ன என்று வேறு ஊர்களில் விளக்கிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கும். இந்த ஊரில் அதைச் செய்தால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். சிப்காட் தொழிற்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1970களில் தொடங்கியது, 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஆலை ஓய்ந்துவிட்டாலும், ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவு அங்கேயே மலையாக நின்றது. மழைக்குப் பிறகு அதன் அடியிலிருந்து கசிந்து வரும் தண்ணீர் என்ன நிறம் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனாலும் ஒன்றை முதலிலேயே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். இந்த வட்டாரத்தில் குரோமியம் என்றதும் தோல் ஷாப்பைத்தான் எல்லோரும் கை காட்டுகிறார்கள். தோலைப் பதப்படுத்த டிரம்மில் சேர்க்கும் குரோம் பவுடரில் இருப்பது மூன்றாம் நிலை குரோமியம். தோலுக்கு அந்த வெளிர்நீல நிறத்தைத் தருவது அதுதான். அது செல்லுக்குள் எளிதில் நுழையாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்தவில்லை. தோல் பதனிடும் தொழிலையும் அப்படி வகைப்படுத்தவில்லை. பாலாற்றுக்கு அந்தத் தொழில் செய்த கேட்டை நான் சிறிதாக்கவில்லை. அது வேறு வழக்கு. இன்று நான் பேச வந்தது ஆறாம் நிலை குரோமியத்தைப் பற்றி. குரோமைட் தாதுவைச் சோடா சாம்பலுடன் சேர்த்து உலையில் வறுத்தெடுக்கும்போது அது பிறக்கிறது. அதிலிருந்துதான் சோடியம் டைகுரோமேட், அதிலிருந்துதான் தோல் ஷாப்புக்குப் போகும் குரோம் பவுடர். ஆக, தோல் ஷாப்புக்கு வந்து சேரும்போது சாதுவாகிவிட்ட பொருள், அதற்கு முந்தைய ஆலையில் வேறு முகத்தோடு இருந்திருக்கிறது. அந்த முகத்தை முகமை 1990-இல் முதல் வகையில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பட்டியலில், வைத்தது. புகையிலையும் கல்நாரும் இருக்கும் பட்டியல் அது.

குரோம் ஆலையோடு மட்டும் இது நிற்கவில்லை. எவர்சில்வரை, நீங்கள் எஸ்.எஸ். என்று சொல்வதை, ராடு வைத்து வெல்டிங் அடிக்கும்போது எழும் புகையில் ஆறாம் நிலை குரோமியம் இருக்கிறது. குரோம் பிளேட்டிங் தொட்டியில் மின்சாரம் பாயும்போது குமிழிகள் மேலே வந்து வெடிக்கின்றன; ஒவ்வொரு வெடிப்பும் குரோமிக் அமிலத்தை நுண்துளிகளாகக் காற்றில் தெளிக்கிறது. உலோகத்துக்கு அடிக்கும் சில மஞ்சள் பிரைமர்களில் துத்தநாகக் குரோமேட் உண்டு.

சரி, இது கெடுதல் என்று எப்போது தெரியவந்தது? பலர் நினைப்பதுபோல் நேற்று முந்தாநாள் இல்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரை ஒட்டி ரதர்க்ளென் என்று ஓர் ஊர். அங்கே ஜே. அண்ட் ஜே. வைட் என்ற குரோமேட் ஆலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் ஓடியது. அதன் தொழிலாளர்களை மூக்கை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். இரண்டு நாசித் துவாரங்களுக்கும் இடையில் ஒரு குருத்தெலும்புச் சுவர் இருக்கிறதல்லவா? குரோமேட் தூசு படிந்து படிந்து அதில் புண் உண்டாகும். பெரிய வலி இருக்காது, அதனால் பொருட்படுத்த மாட்டார்கள். சில மாதங்களில் புண் சுவரைத் தின்று ஓட்டையாக்கிவிடும்.  1899-இல் தொழிற்கட்சித் தலைவர் கீர் ஹார்டி இந்த ஆலையைப் பற்றித் துண்டுப் பிரசுரம் எழுதினார். பன்னிரண்டு மணி நேர வேலை, சாப்பாட்டு இடைவேளை கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் விடுப்பு இல்லை. முதலாளி ஓவர்டவுன் பிரபுவோ ஞாயிறு ஓய்வுநாளைப் புனிதமாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று ஊருக்கு உபதேசம் செய்துவந்த பக்திமான்.

அந்தத் துண்டுப் பிரசுரத்துக்கு ஒன்பது ஆண்டு முன்பே, 1890-இல், கிளாஸ்கோ மருத்துவர் நியூமன், குரோம் நிறமி ஆலைத் தொழிலாளி ஒருவரின் மூக்கினுள் புற்றுக்கட்டியைக் கண்டு மருத்துவ இதழில் எழுதிவிட்டார். அதே நோயாளிக்கு மூக்குச் சுவரில் ஓட்டையும் இருந்தது. அதன் பிறகு ஜெர்மனி, குரோமேட் தொழிலாளரின் நுரையீரல் புற்றுநோயைத் தொழில்நோய் என்று 1936-இல் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் 1948-இல் மாக்லே, கிரிகோரியஸ் இருவரும் குரோமேட் ஆலைகளின் இறப்புப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். இறந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் சுவாச உறுப்புப் புற்றுநோயால் போயிருந்தார். பால்டிமோர் ஆலையில் வேலை பார்த்த 2,357 பேரை 1992 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2000-இல் வெளிவந்தது. அத்தனை பேரில் நுரையீரல் புற்றுநோயால் சுமார் 68 பேர் இறந்திருந்தால் ஊர்க் கணக்கோடு ஒத்துப்போயிருக்கும். இறந்தவர்கள் 122.

எண்ணிக்கை தெளிவாக இருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் வெகுகாலம் தெளிவாகவில்லை. என் பேச்சின் மையம் அதுதான், ஆகவே சற்று நிதானமாகப் போகிறேன்.

மூச்சுக்குழல் நுரையீரலுக்குள் போகப் போக இரண்டு இரண்டாகக் கிளைத்துக்கொண்டே போகும். காற்று கிளையில் திரும்பிவிடும். காற்றோடு வந்த துகளால் அதே வேகத்தில் திரும்ப முடியாது, கிளை பிரியும் முனையில் மோதிப் படியும். ஜப்பானில் குரோமேட் தொழிலாளர்களின் நுரையீரலை ஆராய்ந்தவர்கள் குரோமியம் இந்தப் பிரிமுனைகளில் குவிந்திருப்பதைக் கண்டார்கள். நீரில் நன்றாகக் கரையும் குரோமேட் சீக்கிரம் கழுவிக்கொண்டு போய்விடும். துத்தநாகக் குரோமேட், ஈயக் குரோமேட் போன்றவை அவ்வளவு சுலபத்தில் கரையா. படிந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு, பக்கத்திலுள்ள செல்களின் மேல் நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். புற்றுநோய் விஷயத்தில் இந்த அரைகுறைக் கரைசல் பேர்வழிகள்தான் மோசம்.

கரைந்த குரோமேட், வடிவத்தில் சல்பேட்டையும் பாஸ்பேட்டையும் ஒத்தது. செல்லுக்கு அவை இரண்டும் வேண்டும், அவற்றை உள்ளே விடுவதற்கென்றே சவ்வில் வழிகள் உண்டு. அதே வழியாகக் குரோமேட்டும் நுழைந்துவிடுகிறது. நுழைந்ததும் வைட்டமின் சி-யும் குளூட்டாதயோனும் அதைப் பிடித்து, ஆறாம் நிலையிலிருந்து படிப்படியாக மூன்றாம் நிலைக்கு இறக்குகின்றன. கேட்பதற்கு நல்ல செய்திபோல் இருக்கிறது, இல்லையா? வயிற்றிலும் உமிழ்நீரிலும் இதே மாற்றம் நடந்தால் நல்லதுதான். வெளியிலேயே மூன்றாம் நிலையானது செல்லுக்குள் எளிதில் போகாது. ஆனால் செல்லுக்குள்ளேயே இந்த மாற்றம் நடந்தால், இடைப்பட்ட நிலைகளும் கடைசியில் உருவாகும் மூன்றாம் நிலையும் நேராக டி.என்.ஏ.வோடு பிணைந்துகொள்கின்றன. டி.என்.ஏ.வைப் புரதத்தோடும், ஓர் இழையை மறு இழையோடும் தைத்துவிடுகின்றன. செல் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்க வரும்போது இந்தத் தையல்களில் சிக்கி, இரண்டு இழையும் சேர்ந்து அறுகின்றன. ஓரிழை அறுந்தால் மறு இழையைப் பார்த்துச் சரிசெய்யலாம். ஈரிழையும் அறுவது செல்லுக்கு வரக்கூடிய பழுதுகளில் கடுமையானது.

(குரோமியம் கலந்த நீரைக் குடித்தால் என்ன என்று முன்வரிசையில் ஒருவர் கேட்கிறார். அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறாம் நிலை குரோமியம் கலந்த நீரைக் குடித்த எலிகளுக்கு வாயிலும் சுண்டெலிகளுக்குச் சிறுகுடலிலும் கட்டி வந்தது. ஆகவே அது ஆபத்தில்லாதது என்று சொல்லமாட்டேன். ஆனால் இன்றைய பேச்சு நுரையீரலைப் பற்றியது.)

ஈரிழையும் அறுகிற அந்தக் கடும்பழுதைச் சரிசெய்யவும் செல்லிடம் ஒரு முறை இருக்கிறது. நகலெடுத்து முடிந்த செல்லில் ஒவ்வொரு குரோமோசோமும் இரட்டையாக இருக்கும். அறுந்த இடத்தை, அறுபடாத இணையைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து மீண்டும் எழுதிக்கொள்ளலாம். இந்த வேலையின் தலைமைப் புரதம் ராட் 51. அறுந்த நுனியில் இது வரிசையாகப் போய்ப் படிந்தால்தான் மற்றவை நடக்கும்.

அமெரிக்காவில் ஜான் வைஸ் என்பவரின் ஆய்வகம், முதலில் மெய்ன் மாநிலத்திலும் பிறகு கெண்டக்கியின் லூயிவில் பல்கலைக்கழகத்திலும், இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஒரே கேள்வியைக் குடைந்துகொண்டிருக்கிறது. மனித நுரையீரல் செல்களைத் தட்டில் வளர்க்கிறார்கள், குரோமேட் துகள்களைத் தூவுகிறார்கள். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் டி.என்.ஏ. அறுந்திருக்கிறது, ராட் 51-உம் ஓடி வந்து அறுந்த இடங்களில் குவிந்திருக்கிறது. நுண்ணோக்கியில் செல்லின் கருவுக்குள் பளிச்சென்று புள்ளிகளாகத் தெரியும். ஒரு நாள் கணக்கில் இந்த உலோகத்தோடு செல் மல்லுக்கட்டுகிறது, பெரும்பாலும் ஜெயிக்கிறது. அதே தட்டை 120 மணி நேரம், அதாவது ஐந்து நாள், விட்டுவைத்துப் பார்த்தால் அறுபடல் நிற்கவில்லை, ஆனால் புள்ளிகள் குறைந்துவிட்டன. ராட் 51 புரதத்தின் அளவே சரிந்திருக்கிறது. எஞ்சியதும் கருவுக்குள் இருக்க வேண்டியது வெளியே சைட்டோபிளாசத்தில் கிடக்கிறது. பழுது தொடர்கிறது, பழுது பார்ப்பது நின்றுபோகிறது. 2014-இல் வெளிவந்த இந்தக் கண்டுபிடிப்பை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். தட்டில் ஐந்து நாள் என்பது ஆலையில் ஐந்து நாளுக்குச் சமம் என்று யாரும் கணக்குப் போட்டுவிட வேண்டாம். ஒரு நாள் பட்டு விலகுவதும் விடாமல் பட்டுக்கொண்டே இருப்பதும் அளவில் மட்டும் வேறுபட்ட விஷயங்களில்லை. செல்லுக்குள் நடப்பதே வேறாகிவிடுகிறது என்பதுதான் செய்தி. இந்த உலோகத்தின் கேட்டை அளந்தால் மட்டும் போதாது, நாள்களையும் எண்ண வேண்டும்.

இனி செல்பிரிவுக்கு வருவோம். நம் நுரையீரல் செல் ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள். பிரிவதற்கு முன் அவை இரட்டிக்கும், பிரியும்போது இரண்டு மகள்செல்களுக்கும் சரியாக 46, 46 என்று போய்ச் சேர வேண்டும். இதை நடத்திவைப்பது சென்ட்ரோசோம் என்ற சிறு உறுப்பு. செல்லில் ஒன்று இருக்கும், பிரிவுக்கு முன் இரண்டாகும், ஆளுக்கொரு துருவத்துக்குப் போய் நிற்கும். இரண்டு துருவங்களிலிருந்தும் நுண்ணிழைகள் புறப்பட்டு வந்து குரோமோசோம்களைப் பற்றிக்கொள்ளும். தேரில் இரண்டு பக்கமும் வடம் பூட்டியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்: எதிரெதிராக இழுத்தால் இரட்டைகள் நடுவில் நேராக வரிசையில் நிற்கும், பிறகு பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போகும். மூன்றாவது திசையிலிருந்து இன்னொரு கூட்டம் வடத்தைப் பிடித்தால் என்னவாகும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மூன்றாவது கூட்டத்தைக் கவனித்துப் பொருள் சொன்னவர் தியோடர் போவெரி என்ற ஜெர்மானியர். சென்ட்ரோசோம் என்ற பெயரை வைத்தவரும் அவர்தான். கடல் முள்ளெலியின் முட்டை ஒன்றுக்குள் இரண்டு விந்தணுக்கள் நுழைந்துவிட்டால் துருவங்கள் நான்காகிவிடும். குரோமோசோம்கள் கண்டபடி பங்காகும். பிறக்கும் செல்கள் பெரும்பாலும் கெட்டுப்போகும். இதை வைத்துக்கொண்டு, புற்றுநோயின் தொடக்கமும் இப்படிக் குரோமோசோம் பங்கு தவறியதில்தான் இருக்க வேண்டும் என்று 1914-இல் ஒரு சிறு நூல் எழுதினார். மறு ஆண்டு இறந்துபோனார். டி.என்.ஏ.வின் அமைப்பு தெரிவதற்கு நாற்பது ஆண்டு முன்பு, ஒரு முட்டையைப் பார்த்தே இவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார். பல பத்தாண்டுகள் அந்த நூலை அதிகம் பேர் சீண்டவில்லை.

குரோமேட் பட்ட நுரையீரல் செல்களில் வைஸ் குழு கண்டது போவெரி வரைந்த படத்தையேதான். 2006-இல் வந்த அவர்களுடைய ஆய்வில் ஈயக் குரோமேட் பட்ட செல்களில் சென்ட்ரோசோம்கள் மூன்று, நான்கு என்று பெருகியிருந்தன. நாள் கூடக் கூட அப்படிப்பட்ட செல்களின் பங்கும் கூடியது, குரோமோசோம் எண்ணிக்கை பிசகிய செல்களும் கூடின. காரணத்தையும் ஓரளவு பிடித்திருக்கிறார்கள். சென்ட்ரோசோமின் உள்ளே சென்ட்ரியோல் என்ற இரண்டு சிறு உருளைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். பிரிவு முடிந்த பிறகுதான் அவை விலக வேண்டும். விலகினால்தான் அடுத்த நகலெடுப்புக்கு அனுமதி. துத்தநாகக் குரோமேட் பட்ட செல்களில் அவை முன்கூட்டியே விலகிவிடுகின்றன, அதனால் வேளை தப்பி மறுபடியும் நகலெடுக்கின்றன. இன்னொரு கோளாறும் உண்டு. எல்லாக் குரோமோசோமும் இழைகளோடு சரியாக இணைந்துவிட்டதா என்று பார்த்து, இணையாதவரை பிரிவை நிறுத்திவைக்கும் ஒரு சோதனைச் சாவடி செல்லில் இருக்கிறது. நாள்பட்ட குரோமேட் அந்தச் சாவடியையும் தாண்டவைத்துவிடுகிறது.

இங்கே ஒரு நுட்பம். மூன்று திசையில் பிய்த்துக்கொண்டு போகும் செல்லைக் கண்டு நாம் பயப்பட வேண்டியதில்லை. அதன் பிள்ளைகள் பிழைப்பதே அரிது. பயப்பட வேண்டியது, கூடுதல் சென்ட்ரோசோம்களை இரண்டு முனையிலும் கொத்தாகச் சேர்த்துவைத்துக்கொண்டு, வெளிப்பார்வைக்கு ஒழுங்காகப் பிரிகிற செல்லைப் பார்த்து. சேர்த்துவைக்கும் அந்த நேரத்தில் ஏதோ ஒரு குரோமோசோமை இரண்டு முனையின் இழைகளும் பிடித்திருக்கும். அது நடுவில் தயங்கித் தவறான பக்கம் போய்ச் சேரும். 46-க்குப் பதில் 45, 47. செல் சாகவில்லை, ஆனால் கணக்குத் தவறிவிட்டது. அடுத்த பிரிவில் இன்னொன்று தவறும். எந்தக் குரோமோசோமில் கட்டுப்பாட்டு மரபணு இருந்ததோ அது ஒரு தலைமுறையில் தொலையும். எதில் வளர்ச்சியைத் தூண்டும் மரபணு இருந்ததோ அது இன்னொரு தலைமுறையில் கூடும். பழுது பார்க்கும் வழியும் அடைபட்டுவிட்டதால் திருத்த ஆளில்லை.

இது வெறும் தட்டுச் சோதனையோடு நிற்கிறதா, மனிதரிலும் இப்படியா? ஜப்பானிய மருத்துவர்கள் குரோமேட் தொழிலாளர்களின் நுரையீரல் கட்டிகளை வெட்டிப் பார்த்தார்கள். மற்ற நுரையீரல் புற்றுகளில் சர்வசாதாரணமாகக் கெட்டிருக்கும் பி 53 என்ற காவல் மரபணு இவற்றில் பெரும்பாலும் கெடாமல் இருந்தது. அதற்குப் பதிலாக, டி.என்.ஏ.வின் நிலைகுலைவுக்கு அடையாளமான ஒரு மாற்றம் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட கட்டிகளில் இருந்தது. குரோமியத்தின் புற்றுநோய் தனக்கென்று ஒரு கைரேகையோடுதான் வருகிறது. தொழிலாளி நீதிமன்றம் போனால் எதிர்த்தரப்பு முதலில் கேட்கும் கேள்வி, ‘இவர் பீடி குடித்தவரா?’ என்பது. பால்டிமோர் ஆய்வில் புகைப்பழக்கத்தையும் கணக்கில் எடுத்துத்தான் பார்த்தார்கள். குரோமியத்தின் தனிப்பங்கு அப்போதும் மறையவில்லை. பீடிப் புகையில் காட்மியமும் நிக்கலும் ஆர்சனிக்கும் குரோமியமும் சேர்ந்தே இருக்கின்றன என்பதும் உண்மை. ஆகவே வெல்டிங் அடிப்பவர் புகைபிடிக்கவும் செய்தால் இரண்டு வாசலையும் திறந்துவிடுகிறார். அதை நான் தயக்கமின்றிச் சொல்வேன். ஆனால் பீடியைக் காட்டி ஆலை தப்பித்துக்கொள்ளக் கூடாது என்பதையும் அதே குரலில் சொல்வேன்.

ஒரு சின்ன விலகல், மாணவர்களுக்காக. வைஸ் குழு திமிங்கலங்களையும் ஆராய்ந்திருக்கிறது. 2000 முதல் 2005 வரை ‘ஒடிசி’ என்ற ஆய்வுக் கப்பல் உலகைச் சுற்றி வந்து ஸ்பெர்ம் திமிங்கலங்களின் தோலிலிருந்து துணுக்குகள் எடுத்தது. அவற்றில் குரோமியம் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். சில, குரோமேட் தொழிலாளர் நுரையீரலில் கண்ட அளவுகளோடு ஒப்பிடும்படி இருந்தன. திமிங்கலம் பல பத்தாண்டுகள் வாழ்கிறது, ஆழ்ந்து மூச்சிழுக்கிறது. அப்படியானால் அதற்கு நுரையீரல் புற்று வரிசை கட்டி நிற்க வேண்டுமே? வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலத்தின் நுரையீரல் செல்களுக்கு ஐந்து நாள் குரோமேட் கொடுத்துப் பார்த்தபோது, நம் செல்லில் ஒடுங்கிப்போன அந்தப் பழுது பார்க்கும் வழி அவற்றில் ஒடுங்கவில்லை. அது எப்படி என்று கண்டுபிடிக்க இங்கிருந்து ஒரு மாணவி போனாலும் எனக்கு மகிழ்ச்சி.

மற்ற உலோகங்களைத் தொட்டுவிட்டுப் போகிறேன். வேல்ஸ் நாட்டுக் கிளைடாக்கில் நிக்கல் சுத்திகரிப்பு ஆலை 1902 முதல் ஓடியது. மூக்கிலும் நுரையீரலிலும் புற்று வந்து தொழிலாளர்கள் வரிசையாக இறந்தார்கள். செய்முறை மாறியது, தூசு குறைந்தது. 1930 வாக்கில் வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் அந்த அதிகப்படி பெரிதும் வடிந்துவிட்டது. தூசைக் குறைத்தால் புற்று குறையும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். சிலியின் அன்டோஃபகஸ்டா நகரம் 1958-இல் புதிய ஆற்றுநீரைக் குடிக்கத் தொடங்கியது. அதில் ஆர்சனிக் லிட்டருக்கு 860 மைக்ரோகிராம் அளவில் இருந்தது. இன்றைய வழிகாட்டு வரம்பு 10. 1970-இல் சுத்திகரிப்பு நிலையம் வந்து அளவு குறைந்தது. அந்த வட்டாரத்தில் நுரையீரல் புற்று இறப்பு உச்சத்தைத் தொட்டது 1990களின் தொடக்கத்தில். குடித்த விஷம் நுரையீரலில் வெளிப்பட்டது, அதுவும் குடிப்பது நின்று இருபது ஆண்டு கழித்து.

இந்த இருபது ஆண்டுதான் சட்டத்தைக் குழப்புகிறது. நோயாளியைக் கண்ட பிறகு நடவடிக்கை எடுப்போம் என்று உட்கார்ந்தால், நடவடிக்கை எடுக்கும் நாளில் ஆலை மூடியிருக்கும், முதலாளி மாறியிருப்பார், தொழிலாளி ஊர் மாறியிருப்பார். அமெரிக்காவில் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 52 மைக்ரோகிராம் வரை குரோமியம் இருக்கலாம் என்பது பழைய வரம்பு. அந்த அளவில் வாழ்நாள் முழுதும் வேலை பார்த்தால் ஆயிரம் பேரில் 101 முதல் 351 பேர்வரை கூடுதலாக நுரையீரல் புற்றால் இறக்கலாம் என்று அந்நாட்டு அரசின் தொழிற்பாதுகாப்புத் துறையே கணக்கிட்டது. வரம்பைக் குறைக்கக் கோரி 1993-இல் மனு போனது. நீதிமன்றம் கெடு விதித்த பிறகே, 2006-இல், அது 5 ஆனது. அந்த 5-இலும் ஆயிரத்துக்கு 10 முதல் 45 பேர் என்பது அதே துறையின் கணக்கு. நம் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-இல் சேர்த்த இரண்டாம் அட்டவணை, குரோமேட்டுக்குக் கொடுத்த வரம்பு 0.05 மில்லிகிராம். அதாவது 50 மைக்ரோகிராம். அவர்கள் ஆகாது என்று கைவிட்ட இடத்தில் நாம் உட்கார்ந்திருந்தோம்.

இந்த வட்டாரத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. முன்னெச்சரிக்கைக் கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உச்ச நீதிமன்றம் ஏற்றது 1996 ஆகஸ்டில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில். கேடு விளையும் என்ற அறிகுறி இருந்தால், முழு நிரூபணம் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது அதன் பொருள். வழக்கு பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகளைப் பற்றியது. ஆனால் அந்தக் கொள்கை எதற்குப் பொருந்தும் என்றால், இருபது முப்பது ஆண்டு கழித்து முகம் காட்டும் இந்த நோய்க்குத்தான் முதலில் பொருந்தும். அதே ஊர்ப்புறத்தில் குரோமேட் கழிவு மலை ஆண்டுக்கணக்கில் திறந்த வெளியில் கிடந்தது என்பதை என்னவென்று சொல்ல? வெட்கக்கேடு என்று சொல்லலாம்.

பட்டறைக்காரர்களுக்குச் சில வார்த்தை. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு எஸ்.எஸ். வெல்டிங் அடிக்கிறீர்கள். அந்தப் புகைத் துகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே, துணியின் இழைகளுக்கு நடுவே தாராளமாகப் போகும். கைக்குட்டை புகைக்கு உதவாது. புகை எழும் இடத்திலேயே, கையெட்டும் தூரத்தில், உறிஞ்சு குழாய் வேண்டும். சுவரில் மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் போதாது, அது புகையை உங்கள் முகத்தைக் கடந்துதான் இழுத்துப்போகும். ராடு வெல்டிங்குக்குப் பதில் டிக் வெல்டிங் செய்ய முடிகிற வேலையை டிக்கிலேயே செய்தால் குரோமியப் புகை வெகுவாகக் குறையும். பிளேட்டிங் தொட்டியில் துளி தெறிக்காமல் அடக்கும் மருந்து சேர்க்கலாம், தொட்டியின் விளிம்பிலேயே உறிஞ்சு வாய் வைக்கலாம். மூக்கில் ஆறாத புண் இருந்தால் சளிக்கு மருந்து போட்டு விட்டுவிடாதீர்கள். கிளாஸ்கோவில் அதுதான் முதல் அறிகுறி.

கடைசியாக, இந்த அரங்கில் இருக்கும் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். குரோமியப் புண்ணும் தொழில்வழிப் புற்றுநோயும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கத்தக்க நோய்களாக இருந்தன. கண்டறியும் மருத்துவர் தொழிற்சாலைகள் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றது அதன் 89-ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக வந்த 2020-இன் சட்டத் தொகுப்பிலும் அத்தகைய பட்டியல் இருக்கிறது. ஆனால் கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று ஒரே சொல்லில் எழுதி முடித்துவிட்டால் எந்தச் சட்டமும் வேலை செய்யாது. நுரையீரல் புற்றோடு வருகிறவரிடம் என்ன வேலை பார்த்தார், எந்த ஆலையில், எத்தனை வருடம், எப்போது விட்டார் என்று கேட்டு எழுதுங்கள். இன்றைய வேலையை மட்டும் கேட்காதீர்கள், முப்பது வருடத்துக்கு முந்தைய வேலையையும் கேளுங்கள். ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றுவிட்ட பெரியவர்களே, டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். பழைய அடையாள அட்டையும் பி.எஃப். சீட்டும் வீட்டில் இருந்தால் அவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.